ஏழாம் அத்தியாயம்: மின்சாரம் நின்றாலும் பேசும் பெட்டி

விளக்குகள் அணைந்து, மின்விசிறி நின்று, தெரு முழுவதும் இருளில் மூழ்கிய இரவுகளிலும், கூடத்து மேஜைமேல் இருந்த பழைய லேண்ட்லைன் தொலைபேசியின் ரிசீவரை எடுத்துக் காதில் வைத்தால் அந்த ‘கொர்ர்’ என்ற ஒலி தவறாமல் கேட்கும் என்பதை நாற்பது வயது கடந்தோர் அனைவரும் அறிவர். ஊர் எக்ஸ்சேஞ்சில் வரிசை வரிசையாக அடுக்கி வைத்திருந்த பாட்டரிகள், 48 வோல்ட் மின்சாரத்தைத் தாமிரக் கம்பியின் வழியே ஒவ்வொரு வீட்டுக்கும் அனுப்பிக்கொண்டே இருந்தன. அவற்றைப் பராமரிப்பதற்கென்றே ஆட்கள் இருந்தார்கள். ஆகையால் நம் வீட்டுக்கு வரும் மின்சாரத்தைத் தொலைபேசி எதிர்பார்க்கவே இல்லை. இன்று தாமிரக் கம்பி போய்க் கண்ணாடி இழை வந்துவிட்டது. கண்ணாடி இழை ஒளியைக் கொண்டுவருமே தவிர மின்சாரத்தைக் கொண்டுவராது. எக்ஸ்சேஞ்ச் ஊழியர் அன்று சுமந்த கடமையை, பெட்டி கட்டும் நாம் இன்று நம் தோள்மேல் ஏற்றுக்கொள்கிறோம் என்பதை உணராமல் இந்த வேலையில் எவரும் இறங்கலாகாது.

ஒரு சிறு பள்ளிக்கூடமோ, மருத்துவரின் கிளினிக்கோ, பத்துப் பேர் வேலை செய்யும் அலுவலகமோ தனக்கு வேண்டிய இண்டர்காமையும், வெளியுலகத் தொலைபேசியையும், வைஃபை வலையையும் ஒரே பெட்டியில் அமைத்துக்கொள்வது எவ்வாறு என்பதே இவ்வத்தியாயத்தின் விஷயம். விலை உயர்ந்த யந்திரத்தை வாங்குவதால் நம்பகம் வந்துவிடாது. பெட்டி செய்யும் காரியங்களைக் குறைப்பதாலும், அது எழுதும் எழுத்தைக் குறைப்பதாலும், எது கெட்டாலும் திரும்பிவர ஒரு வழியை முன்கூட்டியே அமைத்து வைப்பதாலுமே நம்பகம் வருகிறது. பின்வரும் ஒவ்வொரு பகுதியும் இந்த ஒரே தத்துவத்தின் பிரயோகம் என்று வாசகர் கொள்ளலாம்.

முன்னோடிகள் கற்பித்த பாடம்

1984-ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட சி-டாட் ஸ்தாபனம், நம் கிராமங்களுக்கென்று 128 இணைப்புகள் கொண்ட சிறு எக்ஸ்சேஞ்ச் ஒன்றை வடிவமைத்து, 1986-இல் கர்நாடகத்தின் கிட்டூரில் நிறுவியது. மேனாட்டு எக்ஸ்சேஞ்சுகள் குளிர்சாதன அறையின்றி இயங்க மறுத்த காலத்தில், நம் தூசியையும் வெயிலையும் நம்பத்தகாத மின்சாரத்தையும் கணக்கில் கொண்டு, குளிர்சாதனமே தேவைப்படாதபடி அதை அமைத்ததே அதன் விசேஷம். பின்னர் 1990-களில் சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் அசோக் ஜுன்ஜுன்வாலா குழுவினரின் முயற்சியால் உருவான கார்டெக்ட், கம்பியில்லா அலையில் குரலையும் இணையத்தையும் ஒருங்கே வீட்டுக்குக் கொண்டுவந்தது; ஒருவர் பேசிக்கொண்டிருக்கும்போது இணையம் வினாடிக்கு 35 கிலோபிட் வேகத்திலும், பேசாதபோது 70 கிலோபிட் வேகத்திலும் ஓடியது. குரலுக்கு முதலிடம், மீதியே இணையத்துக்கு என்ற அந்த ஏற்பாட்டை நாமும் இப்பெட்டியில் கையாளப் போகிறோம்.

கடல் கடந்த தேசங்களிலும் இதே தேவை வேறு உருவில் எழுந்தது. 1999-இல் அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் மாணவராயிருந்த மார்க் ஸ்பென்சர், தாம் தொடங்கிய சிறு தொழிலுக்கு ஒரு தொலைபேசி நிலையம் வாங்கப் பணம் போதாமையால், சாதாரணக் கணினியே தொலைபேசி நிலையமாக இயங்கும்படி ஒரு மென்பொருளை எழுதி, அதை எல்லோருக்கும் இலவசமாகத் திறந்து வைத்தார். அதுவே இன்று உலகெங்கும் வழங்கும் ஆஸ்டரிஸ்க். லிங்க்சிஸ் நிறுவனத்தின் டபிள்யூஆர்டி54ஜி என்ற ரவுட்டரின் மூல நிரல் 2003-இல் வெளியானபின், அதை அடிப்படையாகக் கொண்டு 2004-இல் ஓப்பன்டபிள்யூஆர்டி என்ற ரவுட்டர் மென்பொருள் பிறந்தது. இவ்விரண்டையும் இணைத்து, தென்னாப்பிரிக்காவின் ஏழை மக்களுக்காக ஸ்டீவ் சாங் தொடங்கிய வில்லேஜ் டெல்கோ இயக்கத்தில், ஆஸ்திரேலியப் பொறியாளர் டேவிட் ரோவும் பிறரும் சேர்ந்து மெஷ் பொட்டேட்டோ என்ற பெட்டியை உருவாக்கினார்கள். வெளிச்சுவரில் மாட்டும் அந்தச் சிறு பெட்டியில் சாதாரணத் தொலைபேசி ஒன்றைச் செருகினால், பெட்டிக்குப் பெட்டி அலைவழியே குரல் பாயும். தவறான கம்பி இணைப்பையும் மின்னலின் அதிர்ச்சியையும் தாங்கும்படி அதன் துளைகளை அமைத்திருந்தார்கள் என்பதை இங்கே கவனிக்க வேண்டும். உபயோகிப்பவர் தவறு செய்வார் என்று முன்னமே எதிர்பார்த்து, அத்தவற்றை மன்னிக்கும் சாதனத்தைச் செய்வதே உண்மையான பொறியியல்.

பெட்டியைத் தேர்ந்தெடுத்தல்

என் அனுபவம் ஒன்றைச் சொல்லி இப்பகுதியைத் தொடங்குகிறேன். பல ஆண்டுகளுக்கு முன் ஒரு கிளினிக்குக்கு நான் அமைத்த முதல் பெட்டி, கையகலக் கணினிப் பலகை ஒன்றில் மெமரி கார்டிலிருந்து இயங்கியது. ஒவ்வோர் அழைப்பின் விவரத்தையும், ஒவ்வொரு நிமிடத்தின் பதிவையும், விட்டுச் செல்லும் குரல் செய்திகளையும் அதே கார்டில் எழுதிக்கொண்டிருந்தது. ஐப்பசி மாதத்து இரவொன்றில் மின்சாரம் போவதும் வருவதுமாக இருந்து, எழுதிக்கொண்டிருந்த நடுவிலேயே பலமுறை அணைந்ததால் கார்டு கெட்டு, காலையில் பெட்டி எழவே இல்லை. நோயாளிகள் அழைத்து அழைத்துப் பார்த்துவிட்டு நேரில் வந்து நின்ற காட்சியை நான் இன்னும் மறக்கவில்லை. பலகை நல்ல பலகை. கார்டும் நல்ல கார்டு. ஓயாமல் எழுதச் சொன்ன என் ஏற்பாடே பிழையானது.

ஓப்பன்டபிள்யூஆர்டியின் பெருமை இங்கேதான் விளங்குகிறது. அதன் அடிப்படை மென்பொருள் முழுவதும் ஸ்குவாஷ்எஃப்எஸ் என்ற, படிக்க மட்டுமே இயலும் கோப்பு அமைப்பில் உறைந்திருக்கிறது. நாம் செய்யும் மாற்றங்கள் மட்டும் அதன்மேல் ஒரு மெல்லிய படலமாகப் படிகின்றன. மாற்றத்தில் தவறு நேர்ந்து பெட்டி முடங்கினால், ஃபெயில்சேஃப் என்ற முறையில் அப்படலத்தை ஒதுக்கிவிட்டு, அடியிலுள்ள மாசற்ற மென்பொருளிலிருந்தே எழுப்பலாம். அன்றாடப் பதிவுகளை அது நினைவகத்திலேயே வட்டமாக எழுதிப் பழையதை அழித்துக்கொள்கிறது. ஆகவே சேமிப்பகம் தேய்வதில்லை. நீடித்துக் காக்கவேண்டிய பதிவுகளை வேறொரு கணினிக்கு அனுப்பிவிடலாம்.

இம்மென்பொருளுக்கென்றே அதன் ஆசிரியர்கள் வடிவமைத்து 2024 இறுதியில் வெளிவந்த ஓப்பன்டபிள்யூஆர்டி ஒன் என்ற பெட்டியை இவ்வத்தியாயத்துக்கு உதாரணமாக எடுத்துக்கொள்கிறேன். 1 கிகாபைட் நினைவகமும், 256 மெகாபைட் சேமிப்பகமும், வைஃபை 6 அலைக்கருவியும், இரண்டு ஈதர்நெட் துளைகளும், பாட்டரி வைத்துக்கொள்ள வசதியுள்ள கடிகாரமும் கொண்டது அது. முக்கியமான சேமிப்பகத்துக்குப் புறம்பாக, எழுத முடியாதபடி காக்கப்பட்ட 16 மெகாபைட் கொண்ட இரண்டாவது சேமிப்பகம் ஒன்றும் அதில் உண்டு. முதலாவது எவ்வளவு கெட்டாலும், ஒரு சிறு சுவிட்சைத் தள்ளி இரண்டாவதிலிருந்து எழுப்பி மீட்டுக்கொள்ளலாம். திரும்பிவர ஒரு வழி என்று நான் சொன்னது இதையே. 12 வோல்ட் கொடுக்கவல்ல யூஎஸ்பி-சி மின்வழங்கி அதற்கு வேண்டும்; 5 வோல்ட் மட்டும் தரும் பழைய செல்போன் சார்ஜரால் அது இயங்காது.

வேறு பெட்டியை வாங்குவோர் நான்கு குணங்களைப் பார்க்க வேண்டும். மின்விசிறி இருக்கலாகாது, சுழலும் உறுப்பே முதலில் சாகும் உறுப்பு. நினைவகம் 256 மெகாபைட்டுக்குக் குறையலாகாது. ஓப்பன்டபிள்யூஆர்டியின் ஆதரவுப் பட்டியலில் அப்பெட்டியின் பெயரும், அதன் குறிப்பிட்ட பதிப்பு எண்ணும் இருக்க வேண்டும். ஒரே பெயரில் உள்ளே வேறு சில்லுடன் வரும் பெட்டிகள் பல உண்டு. கடைசியாக, மின்சாரம் போனாலும் நேரத்தைக் காக்கும் கடிகாரம் இருந்தால் மிகவும் நல்லது. கடிகாரமில்லாத பெட்டி விழித்தெழும்போது பழைய தேதியைக் காட்டும். அதன் விளைவாகப் பாதுகாப்புச் சான்றிதழ்கள் செல்லாது என்று நிராகரிக்கப்பட்டு, காரணம் புலப்படாமல் தொலைபேசிகள் ஊமையாகும்.

தொலைபேசிக் கருவிகள்

அழகிய திரையுள்ள ஐபி தொலைபேசிகளை வாங்கி ஒவ்வொரு மேஜையிலும் வைக்கவே முதலில் மனம் விரும்பும். ஆனால் அவை ஒவ்வொன்றும் தனக்கென மின்சாரம் கேட்கும். மின்வெட்டில் பெட்டி விழித்திருந்தும் மேஜைமேலுள்ள கருவி உறங்கிவிட்டால் என்ன பிரயோஜனம்? ஆகவே ஏடிஏ என்று சுருக்கமாக வழங்கும் அனலாக் அடாப்டரைப் பெட்டியின் பக்கத்திலேயே வைத்து, அதிலிருந்து சாதாரணத் தொலைபேசிக் கம்பிகளை அறைகளுக்கு இழுத்து, பழைய பாணி வயர் தொலைபேசிகளையே மாட்டுவது உத்தமம். அவற்றுக்கு வேண்டிய மின்சாரத்தையும் மணியடிக்கும் மின்சாரத்தையும் அடாப்டரே கம்பிவழி கொடுத்துவிடும். ஒரே பாட்டரியில் பெட்டியும், அடாப்டரும், எல்லா அறைத் தொலைபேசிகளும் உயிரோடிருக்கும். எக்ஸ்சேஞ்சில் அன்று இருந்த ஏற்பாட்டின் சிறு வடிவமே இது.

அடாப்டரின் துளைகள் இரு வகை. எஃப்எக்ஸ்எஸ் என்பது தொலைபேசிக் கருவியைச் செருகும் துளை. அது மின்சாரம் கொடுக்கும். எஃப்எக்ஸ்ஓ என்பது வெளியிலிருந்து வரும் லேண்ட்லைனைச் செருகும் துளை. அது மின்சாரம் வாங்கும். ஃபைபர் மோடத்தின் பின்புறத்தில் தொலைபேசிக்கென்று உள்ள துளையையும் இதில் இணைக்கலாம். எஃப்எக்ஸ்எஸ், எஃப்எக்ஸ்ஓ இரண்டையும் மாற்றிச் செருகினால் அடாப்டர் கெட்டுப்போகக்கூடும்; ஆதலால் கம்பியின் இரு முனைகளிலும் இன்னது என்று எழுதி ஒட்டிவிடுங்கள்.

எஃப்எக்ஸ்ஓ துளையில் பலரையும் வாட்டும் குறை ஒன்று உண்டு. வெளியிலிருந்து அழைத்தவர் ரிசீவரை வைத்த பின்னும், அதை அறியாத அடாப்டர் இணைப்பைப் பிடித்துக்கொண்டே இருக்க, அடுத்து அழைப்பவர்க்கெல்லாம் ‘எங்கேஜ்டு’ ஒலியே கேட்கும். அடாப்டர்கள் பெரும்பாலும் வேறு நாட்டு ஒலிகளுக்கு அமைக்கப்பட்டு வருவதே இதன் காரணம். நம் நாட்டில் எங்கேஜ்டு ஒலி 400 ஹெர்ட்ஸ், முக்கால் வினாடி ஒலித்து முக்கால் வினாடி ஓய்வது. இந்த அளவை அடாப்டரின் அமைப்பில் எழுதிவிட்டால் தொல்லை தீரும்.

மின்சாரக் கணக்கு

நம்பகத்தின் பாதி பாட்டரியில் இருக்கிறது என்பதால் இங்கே அவசரம் கூடாது. பெட்டிக்கு 10 வாட், ஃபைபர் மோடத்துக்கு 10 வாட், அடாப்டருக்கு 5 வாட் என்று வைத்துக்கொண்டால் மொத்தம் 25 வாட். நான்கு மணி நேரம் தாங்க 100 வாட்-மணி வேண்டும். மாற்றத்தில் வீணாவதையும் சேர்த்தால் 115. ஈய-அமில பாட்டரியின் கொள்ளளவில் பாதிக்குமேல் தினமும் இறக்கினால் அதன் ஆயுள் குறையும். ஆகவே 12 வோல்ட், 20 ஆம்பியர்-மணி, அதாவது 240 வாட்-மணி கொண்டதை வாங்கவேண்டும். லித்தியம் இரும்பு பாஸ்பேட் வகையானால் ஐந்தில் நான்கு பங்கு வரை இறக்கலாம். 12 ஆம்பியர்-மணியே போதும். மோடத்தை இக்கணக்கில் சேர்க்க மறப்பவர் பலர். மோடம் அணைந்தால் பெட்டி விழித்திருந்தும் வெளியுலகம் இல்லை.

வீட்டு இன்வெர்ட்டர் இருக்கிறதே, அது போதாதா என்று வாசகர் கேட்கலாம். மின்சாரம் போய் இன்வெர்ட்டர் எழும் அந்தக் கண்ணிமைப்பில் மின்விசிறிக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் பெட்டி அணைந்து மீண்டும் முதலிலிருந்து எழும், நடந்துகொண்டிருந்த பேச்சு அறுந்துபோகும். யூபிஎஸ் முறைக்கு மாற்றும் சுவிட்ச் உள்ள இன்வெர்ட்டரானால் இக்குறை பெரும்பாலும் நீங்கும். அதனினும் சிறந்தது, 12 வோல்ட்டை நேராகவே தரும் டிசி யூபிஎஸ். பாட்டரியின் மின்சாரத்தை 230 வோல்ட்டாக உயர்த்தி, மறுபடியும் மின்வழங்கியில் 12 வோல்ட்டாக இறக்கும் வீண் செலவு அதில் இல்லை. பாட்டரியை மட்டும் நேரடியாகப் பெட்டியில் இணைக்காதீர்கள். சார்ஜ் ஏறும்போது அதன் அழுத்தம் 13.8 வோல்ட்டுக்கு மேலும் போகும். நடுவில் ஒரு சீராக்கி அவசியம்.

மின்னல் நம் பெட்டிக்கு வரும் வழி பெரும்பாலும் தாமிரக் கம்பியே. வெளிச்சுவரைத் தாண்டி வரும் ஒவ்வொரு தாமிரக் கம்பிக்கும் அதிர்ச்சித் தடுப்பான் ஒன்றும், அத்தடுப்பானுக்கு நல்ல எர்த் இணைப்பும் வேண்டும். எர்த் சரியில்லாத தடுப்பான் அலங்காரப் பொருளே.

குரலுக்கு முதல் வழி

செய்தித்தாளின் பக்கம் ஒன்று இரண்டு வினாடி தாமதமாகத் திறந்தால் எவரும் பொருட்படுத்தமாட்டார். ஆனால் பேசுபவரின் சொல் அத்தனை தாமதித்து வந்தால் உரையாடலே நடவாது. ஒருவர் வாயிலிருந்து மற்றவர் செவிக்குக் குரல் சேர 150 மில்லி வினாடிக்குமேல் ஆகலாகாது என்பது சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் வழிகாட்டு அளவு. குரலுக்கு வேண்டிய இடமோ மிகச் சிறிது. ஜி.711 என்ற பழைய முறையில் வினாடிக்கு 50 பொட்டலங்கள், ஒவ்வொன்றிலும் குரல் 160 பைட், மேலுறை 40 பைட். பெருக்கினால் ஒரு திசையில் வினாடிக்கு 80 கிலோபிட். பத்துப் பேர் ஒரே சமயத்தில் பேசினாலும் ஒரு மெகாபிட்டைத் தொடுவதில்லை.

அப்படியிருக்க, பெரிய வேக இணைப்பிலும் குரல் உடைவதேன்? காரணம் வரிசையில் இருக்கிறது. அலுவலகத்தில் ஒருவர் பெரிய வீடியோவை மேலேற்றுகிறார் என்று கொள்ளுங்கள். வெளிச்செல்லும் வேகம் 10 மெகாபிட். மோடத்தின் தாங்கலில் 1 மெகாபைட் சரக்கு குவிந்துவிடுகிறது. அது வெளியேற முக்கால் வினாடிக்குமேல் ஆகும். அதன் பின்னே வரும் குரல் பொட்டலமும் அத்தனை நேரம் காத்துக்கிடக்கும். வேகத்தைக் கூட்டும்படி நிறுவனத்துக்குப் பணம் கட்டுவதால் இந்நோய் தீராது. வரிசையை நம் கைக்குள் கொண்டுவருவதால் தீரும். ஓப்பன்டபிள்யூஆர்டியில் எஸ்கியூஎம் என்ற தொகுப்பை நிறுவி, கேக் என்ற வரிசை முறையைத் தேர்ந்து, நீங்கள் அளந்து கண்ட வேகத்தில் 90 விழுக்காட்டை இருதிசைக்கும் வரம்பாகக் கொடுங்கள். அப்போது மோடத்தில் சரக்கு குவியாது; வரிசை நம் பெட்டியிலேயே நிற்கும்; பெட்டியோ சிறு பொட்டலங்களைப் பெரும் பொதிகளின் பின்னே காக்க வைப்பதில்லை. இந்த ஒரு மாற்றத்தால் அடையும் நன்மையை எத்தனை விலையுயர்ந்த தொலைபேசியும் தராது.

கம்பியில்லா அலை

வைஃபையைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்லலாம், ஏனெனில் இங்கே செய்யவேண்டியவை சில. தேச அமைப்பில் இந்தியாவைத் தேர்ந்தெடுங்கள். அனுமதிக்கப்பட்ட அலைவரிசையையும் வலிமையையும் பெட்டி தானே கடைப்பிடிக்கும். 2.4 கிகாஹெர்ட்ஸில் 1, 6, 11 என்ற மூன்று தடங்களே ஒன்றையொன்று இடிக்காதவை. அக்கம்பக்கத்தில் எது குறைவாக உபயோகத்தில் இருக்கிறதோ அதை 20 மெகாஹெர்ட்ஸ் அகலத்தில் வைத்துக்கொள்ளுங்கள். செல்போனில் லின்ஃபோன் போன்ற செயலியைக் கொண்டு நடமாடிக்கொண்டே பேசுவோர் 5 கிகாஹெர்ட்ஸில் இணைவது நன்று. இரும்பு அலமாரிக்குள்ளோ தரையோரத்திலோ பெட்டியை வைக்காதீர்கள். ஆளுயரத்துக்கு மேல், வெயில் படாத, காற்றோட்டமுள்ள உட்சுவர் அதற்கு உரிய இடம். விருந்தினருக்கும் மாணவருக்கும் தனி வைஃபைப் பெயரும் தனி வலையும் கொடுத்து, தொலைபேசிகளின் வலையை அவர்கள் தொடாதபடி பிரித்துவிடுங்கள். நிலையான தொலைபேசியைக் கம்பியில் வைத்தல், நடமாடும் தொலைபேசியை மட்டும் அலையில் வைத்தல் என்பதே பொது விதி.

எண் திட்டமும் காவலும்

ஓப்பன்டபிள்யூஆர்டியின் தொகுப்புக் களஞ்சியத்திலேயே ஆஸ்டரிஸ்க் கிடைக்கிறது. அதன் நூற்றுக்கணக்கான பகுதிகளையும் நிறுவாமல், உங்களுக்கு வேண்டிய குரல் முறைகள், பிஜேசிப் என்ற இணைப்பு முறை, எண் திட்டம் ஆகியவற்றை மட்டும் நிறுவுங்கள். இல்லாத பகுதி கெட்டுப்போவதில்லை.

உள் எண்களை 201, 202 என்று 2-இல் தொடங்குங்கள். 1-இல் தொடங்கினால் 108, 112 ஆகிய ஆபத்துக்கால எண்களோடு மோதும். வெளி அழைப்புக்கு 0 முன்னெண் என்பது நம் இண்டர்காம் மரபு; ஆனால் 108-ஐயும் 112-ஐயும் முன்னெண் இன்றியும், முன்னெண்ணோடும், இரு வகையிலும் போகும்படி எழுதுங்கள். விபத்து வேளையில் நடுங்கும் கைகள் 0-வை நினைவில் வைத்திருக்கும் என்று எதிர்பார்ப்பது நியாயமன்று. இணையம் வழியாக அன்றி லேண்ட்லைன் வழியாகவே அவ்வழைப்புகள் முதலில் போகட்டும். அப்போதுதான் அழைத்த இடம் இன்னதென்று அறிவது எளிது.

இணையம் அறுந்தாலும் உள் அழைப்புகள் தடையின்றி நடக்கவேண்டும். அடாப்டரிலும் தொலைபேசிகளிலும் பெட்டியின் பெயரை எழுதாமல் ஐபி எண்ணையே எழுதுங்கள். பெயரைத் தேடி வெளியே போய், பதில் வராமல் நின்றுவிடும் அவஸ்தை இல்லாமல் போகும். குரல் ஒரு திசையில் மட்டும் கேட்கிறது என்ற புகார் வந்தால், ஃபைபர் மோடத்தில் எஸ்ஐபி ஏஎல்ஜி என்ற வசதி விழித்திருக்கிறதா என்று பார்த்து அதை அணையுங்கள். உதவுவதாக எண்ணிப் பொட்டலங்களைத் திருத்திக் கெடுப்பது அது.

காவலைப் பற்றி ஓர் எச்சரிக்கை. அழைப்புகள் வந்து சேரும் 5060 என்ற வலைத் துளையை இணையத்துக்குத் திறந்து வைத்த சில மணி நேரத்துக்குள், உலகின் எங்கிருந்தோ யந்திரங்கள் வந்து கடவுச்சொல்லை ஊகித்துப் பார்க்கத் தொடங்கும். 201 என்ற எண்ணுக்கு 201 என்றே கடவுச்சொல் வைத்தவரின் கணக்கில், இரவோடிரவாக அயல்நாட்டு அழைப்புகள் குவிந்துவிடும். ஆகவே அத்துளையைத் திறக்கவே வேண்டாம். வெளியூரிலிருந்து பேசவேண்டியவர் வயர்கார்டு என்ற மறைகுறிச் சுரங்கத்தின் வழியாக உள்ளே வரட்டும். எண் திட்டத்தில் வெளியிலிருந்து வரும் அழைப்புகளுக்கு ஒரு பகுதி, உள்ளிருந்து போகும் அழைப்புகளுக்கு ஒரு பகுதி என்று பிரித்து, முதற்பகுதியிலிருந்து வெளியே போகும் வழி எதுவும் இல்லாதபடி எழுதுங்கள். அயல்நாட்டு எண்கள் தேவையில்லையெனில் அடியோடு தடுத்துவிடுங்கள். பொதுத் தொலைபேசி வலையையும் இணையக் குரலையும் ஒன்றோடொன்று கலப்பதற்கு அரசின் விதிகள் உண்டு. உரிமம் பெற்ற நிறுவனத்திடமே வெளியிணைப்பை வாங்கி, அவர்கள் அனுமதிக்கும் முறையிலேயே இணையுங்கள்.

பரீட்சையும் இரட்டையும்

கட்டி முடித்த பெட்டியை உடனே உபயோகத்துக்குக் கொடுத்துவிடலாகாது. பின்வரும் பரீட்சைகள் ஐந்திலும் அது தேறவேண்டும்.

1. ஒருவர் பேசிக்கொண்டிருக்கும்போது சுவரிலுள்ள மெயின் சுவிட்சை அணையுங்கள். பேச்சு அறுபடலாகாது. பாட்டரி எத்தனை மணி தாங்குகிறது என்று கடிகாரம் வைத்து அளந்து எழுதுங்கள்.

2. பேச்சின் நடுவில் பெரிய கோப்பு ஒன்றை மேலேற்றுங்கள். குரல் உடையலாகாது.

3. ஃபைபர் இழையைப் பிடுங்குங்கள். உள் அழைப்புகள் ஒரு கணமும் தாமதியாமல் போகவேண்டும்.

4. பாட்டரியையும் சேர்த்து இருபது முறை திடீரென்று அணைத்து எழுப்புங்கள். இருபது முறையும், எவரும் கை வைக்காமலே, எல்லாத் தொலைபேசிகளிலும் டயல் ஒலி திரும்பவேண்டும்.

5. ஆஸ்டரிஸ்க்கை வேண்டுமென்றே நிறுத்துங்கள். நிமிடத்துக்கொரு முறை அதன் நாடி பார்க்கும் சிறு நிரல் ஒன்றை நீங்கள் எழுதி வைத்திருந்தால் அது மீண்டும் எழும். எழாவிட்டால் நிரலைத் திருத்துங்கள். பெட்டியே உறைந்துபோனால் எழுப்புவதற்கு வாட்ச்டாக் என்ற வன்பொருள் காவலன் உண்டு. ஓப்பன்டபிள்யூஆர்டி அதைத் தானே இயக்குகிறது.

மூன்று காரியங்களை ஒரே பெட்டியில் சேர்த்ததால், அந்த ஒன்று போனால் மூன்றும் போகும் என்ற ஆட்சேபம் நியாயமானது. அதற்குரிய பரிகாரம் இரட்டைப் பெட்டி. முதல் பெட்டியை வாங்கும்போதே அச்சாக அதே போன்ற இன்னொன்றையும் வாங்கி, அதே அமைப்பை அதில் ஏற்றி, பக்கத்திலேயே வையுங்கள். அமைப்பில் மாற்றம் செய்யும் ஒவ்வொரு முறையும் காப்புப் பிரதி ஒன்றை எடுத்து, இரட்டையிலும் ஏற்றுங்கள். மென்பொருளின் புதிய பதிப்பு வந்தால் முதலில் இரட்டையில் ஏற்றி ஐந்து பரீட்சைகளும் நடத்திய பிறகே, அதை வேலையில் அமர்த்தி, பழையதை ஓய்வுக்கு எடுங்கள். இவ்வாறு முறை மாற்றிவந்தால் இரட்டை என்பது தூசி படிந்த வீண் செலவாகாமல், எந்நேரமும் தயாராக நிற்கும் துணையாகும்.

கடைசியாக ஒரு தாள். எந்தக் கம்பி எந்தத் துளைக்கு, எந்தத் தொலைபேசிக்கு எந்த எண், பெட்டியை மாற்றுவது எப்படி, பாட்டரி வாங்கிய தேதி எது என்பவற்றைப் பெரிய எழுத்தில் தமிழில் எழுதி, பெட்டியின் பக்கத்துச் சுவரில் ஒட்டுங்கள். கடவுச்சொற்களை மட்டும் உறையிலிட்டுப் பொறுப்பாளரிடம் கொடுங்கள். இப்பெட்டியைக் கட்டியவர் நீங்களாயிருந்தாலும், அது நின்றுபோகும் நாளில் நீங்கள் ஊரில் இல்லாமலிருக்கலாம். அன்று அங்கே இருக்கப்போகிறவர் ஒரு நர்ஸாகவோ, பள்ளியின் காவலராகவோ இருப்பார். அவரிடம் அத்தாளை மட்டும் கொடுத்து, நீங்கள் ஒரு சொல்லும் பேசாமல் ஒதுங்கி நின்று, பழைய பெட்டியைக் கழற்றி இரட்டையை மாட்டச் சொல்லுங்கள். பத்து நிமிடத்துக்குள் அவர் ரிசீவரை எடுத்து டயல் ஒலியைக் கேட்டாரானால் உங்கள் வேலை முடிந்தது. கேட்காவிட்டால், குறை அவரிடம் இல்லை. தாளைத் திருத்தி எழுதுங்கள்.